ரீஸ்டோர் பட்டனை அழுத்தும் முன்: எஸ்க்யூஎல் சர்வர் பேக்கப்பைப் புதுப் பெயரில் மீட்பது எப்படி?

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் போன் வந்தது. "அண்ணே, வாடிக்கையாளர் லிஸ்ட் மொத்தமும் காணோம்." மருந்து மொத்த வியாபாரக் கடை ஒன்றில் பில்லிங் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொள்ளும் தம்பி அவர். எதையும் தொடாதே என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். போய்ச் சேர்வதற்குள் கையில் கிடைத்த பேக்கப்பை, ஓடிக்கொண்டிருந்த டேட்டாபேஸின் மேலேயே ஏற்றிவிட்டார். வாடிக்கையாளர்கள் திரும்பி வந்துவிட்டார்கள். ஆனால் அந்த பேக்கப் வியாழக்கிழமை இரவு எடுத்தது. வெள்ளி, சனி பில்கள் போயே போச்சு. கார்பன் நகல்களை வைத்துக்கொண்டு இரவெல்லாம் மறுபடி அடித்தோம்.

அதனால் இந்தச் செய்முறையில் பழைய டேட்டாபேஸை நாம் தொடவே போவதில்லை. பேக்கப்பை வேறு பெயரில் பக்கத்தில் ஏற்றுவோம், திறந்து பார்ப்போம், அப்புறம்தான் முடிவெடுப்போம். கடையின் தகவல்களை டேட்டாபேஸாக வைத்துக் காப்பது மைக்ரோசாஃப்டின் எஸ்க்யூஎல் சர்வர். அதை இயக்க நாம் பயன்படுத்தப்போகும் மென்பொருள் எஸ்க்யூஎல் சர்வர் மேனேஜ்மென்ட் ஸ்டூடியோ. இலவசமாகவே கிடைக்கிறது, பேக்கப் எடுப்பது, மீட்பது இரண்டையும் இதிலேயே செய்யலாம்.

தொடங்கும் முன்

பில்லிங் மென்பொருளை எல்லாக் கம்ப்யூட்டரிலும் மூடச் சொல்லுங்கள். பிறகு, கெட்டுப்போன டேட்டாபேஸையே இப்போது இருக்கும் நிலையில் ஒரு பேக்கப் எடுங்கள். டேட்டாபேஸ் பெயரில் ரைட் கிளிக், டாஸ்க்ஸ், பேக் அப். அங்கே 'காப்பி ஒன்லி' என்ற கட்டத்தில் டிக் போட்டால் வழக்கமான பேக்கப் வரிசை கலையாது. கெட்டதை எதற்குப் பேக்கப் எடுக்க வேண்டும் என்று தோன்றும். அந்த வெள்ளி, சனி பில்கள் கெட்டுப்போன அந்த டேட்டாபேஸில்தான் பத்திரமாக இருந்தன.

பேக்கப் ஃபைலை எங்கே வைப்பது?

புதியவர்கள் முதலில் மாட்டிக்கொள்ளும் இடம் இது. டாட் பேக் (.bak) என்று முடியும் பேக்கப் ஃபைலை டெஸ்க்டாப்பில் வைத்துவிட்டுத் தேடுவார்கள். கண்ணுக்கே தெரியாது, அல்லது 'ஆபரேட்டிங் சிஸ்டம் எரர் 5, ஆக்சஸ் டினைட்' என்று வரும். ஃபைலைத் திறக்கப்போவது நீங்கள் அல்ல, எஸ்க்யூஎல் சர்வர் சர்வீஸ். அதற்கென்று தனி யூசர் கணக்கு உண்டு, அந்தக் கணக்குக்கு உங்கள் டெஸ்க்டாப்பில் வேலை இல்லை. சர்வருடைய சொந்த 'பேக்கப்' ஃபோல்டருக்குள் ஃபைலைக் காப்பி செய்துவிட்டால் தொல்லை தீர்ந்தது.

இன்னொன்று, வெர்ஷன். எஸ்க்யூஎல் சர்வர் 2019 வெர்ஷனில் எடுத்த பேக்கப்பை 2022 வெர்ஷனில் ஏற்றலாம். 2022-இல் எடுத்ததை 2019-இல் ஏற்ற முடியாது. எரர் 3169 வந்தால் காரணம் இதுதான். குறுக்கு வழி தேடி நேரத்தை வீணாக்காமல் புது வெர்ஷனை நிறுவுங்கள்.

ஜெனரல் பக்கம்

இடப்பக்கம் 'டேட்டாபேசஸ்' மேல் ரைட் கிளிக் செய்து 'ரீஸ்டோர் டேட்டாபேஸ்' கொடுங்கள். திறக்கும் ஜன்னலில் சோர்ஸ் என்ற இடத்தில் 'டிவைஸ்' தேர்ந்தெடுத்து, மூன்று புள்ளி பட்டனை அழுத்தி, 'ஆட்' கொடுத்து ஃபைலைக் காட்டுங்கள்.

கீழே ஒரு பட்டியல் வரும். அதில் 'ஃபினிஷ் டேட்' என்ற பத்தியை நிதானமாகப் படியுங்கள். ஃபைல் பெயரில் இருக்கும் தேதியை நம்பாதீர்கள். ஒரே ஃபைலுக்குள் பல நாள் பேக்கப்புகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்ந்திருக்கலாம். தம்பி இந்தப் பத்தியைப் பார்த்திருந்தால் வியாழக்கிழமை என்று அங்கேயே தெரிந்திருக்கும்.

'வெரிஃபை பேக்கப் மீடியா' பட்டனையும் ஒருமுறை தட்டுங்கள். ஃபைல் முழுதாக இருக்கிறதா, படிக்க வருகிறதா என்று சொல்லும். உள்ளே இருக்கும் தகவல் சரியா என்று சொல்லாது. 2017 ஜனவரி 31 அன்று, மென்பொருள் எழுதுபவர்கள் தங்கள் நிரல்களைச் சேமித்துவைக்கும் கிட்லேப் தளத்தில் தவறான சர்வரில் டேட்டாபேஸ் ஃபோல்டரை அழித்துவிட்டார்கள். பேக்கப் சேரவேண்டிய இடத்தைத் திறந்து பார்த்தால் காலி! வேறு வேலைக்காக 6 மணி நேரம் முன்பு எடுத்த ஒரு ஸ்னாப்ஷாட்தான், அதாவது அந்த நேரத்து நிலையின் நகல்தான், கைகொடுத்தது. இடைப்பட்ட தகவல் போனது போனதுதான். மாதம் ஒருமுறையாவது ஏற்றிப் பார்க்காத பேக்கப்பை நான் கணக்கிலேயே சேர்ப்பதில்லை.

சரி, இப்போது முக்கியமான இடம். டெஸ்டினேஷன் என்ற பகுதியில் டேட்டாபேஸ் பெயர் தானாகவே பழைய பெயராக வந்திருக்கும். அதை அழித்துவிட்டுப் புதுப் பெயர் அடியுங்கள். பில்லிங் என்று இருந்தால் பில்லிங்_சோதனை.

ஃபைல்ஸ் பக்கம்

டேட்டாபேஸின் தகவல் வட்டில் எந்த ஃபைல்களில் உட்காரும் என்பதை 'ரீஸ்டோர் ஆஸ்' பத்தி காட்டும். அதில் இருக்கும் ஃபைல் பெயர்களும் புதிதாக மாறியிருக்கின்றனவா பாருங்கள். மாறவில்லை என்றால் கையால் மாற்றுங்கள்.

ஆப்ஷன்ஸ் பக்கம்

இங்கேதான் அனுபவசாலிகளும் சறுக்குவார்கள். 'டெயில் லாக் பேக்கப்' (பழைய டேட்டாபேஸில் இன்னும் பேக்கப் ஆகாத கடைசி மாற்றங்களை எடுத்துவைப்பது) என்ற கட்டம் சில சமயம் தானாகவே டிக் ஆகியிருக்கும். அதை எடுத்துவிடுங்கள். விட்டுவைத்தால், புதுப் பெயரில் நீங்கள் ரீஸ்டோர் செய்துகொண்டிருக்கும்போதே பழைய, ஓடிக்கொண்டிருந்த டேட்டாபேஸ் 'ரீஸ்டோரிங்' என்ற நிலைக்குப் போய் அப்படியே நின்றுவிடும். பில்லிங்கை மறுபடி திறந்ததும் கடையில் எல்லாக் கம்ப்யூட்டரும் ஒரே நேரத்தில் கத்த ஆரம்பிக்கும்.

'ஓவர்ரைட்' என்ற கட்டத்தில் டிக் வேண்டாம். 'ரிக்கவரி ஸ்டேட்' மட்டும் 'வித் ரிக்கவரி' என்றே இருக்கட்டும். 'நோ ரிக்கவரி' என்பது பின்னாலேயே இன்னொரு பேக்கப்பைச் சேர்க்கப்போகிறவர்களுக்கு. அதைப் போட்டால் புது டேட்டாபேஸ் திறக்காமல் காத்துக்கொண்டே இருக்கும்.

ஓகே கொடுங்கள். வெற்றிகரமாக முடிந்தது என்ற செய்தி வரும்வரை வேறு எதையும் தட்டாதீர்கள்.

பார்த்துவிட்டு முடிவு

புது டேட்டாபேஸில் கடைசி பில் எண்ணைப் பாருங்கள், வாடிக்கையாளர் எண்ணிக்கையைப் பாருங்கள். கடைக்காரரையே பக்கத்தில் உட்காரவைத்துப் பார்ப்பது இன்னும் நல்லது. அவருக்குத் தெரிந்த இரண்டு பெயரைத் தேடச் சொன்னால் போதும்.

ஒரு டேபிள் மட்டும்தான் அழிந்திருக்கிறது என்றால், அந்த வரிகளை மட்டும் சோதனை டேட்டாபேஸிலிருந்து பழையதற்குக் காப்பி செய்யலாம். இரண்டும் ஒரே சர்வரில் இருப்பதால், டேட்டாபேஸ் பெயர், ஸ்கீமா (டேபிள்களைத் தொகுத்துவைக்கும் பிரிவு), டேபிள் பெயர் மூன்றையும் புள்ளி வைத்து எழுதினால் ஒரே குவெரியில், அதாவது தகவல் கேட்கும் கட்டளையில், இரண்டையும் படிக்கலாம். அன்றைக்கு நாங்கள் செய்திருக்க வேண்டியது இதைத்தான். பத்து நிமிட வேலை.

மொத்தமும் கெட்டிருந்தால் மட்டும் பெயர்களை மாற்றிக்கொள்ளுங்கள். ரைட் கிளிக், ரீநேம். முதலில் பழையதை பில்லிங்_பழசு என்று மாற்றி, பிறகு சோதனையை பில்லிங் ஆக்குங்கள். பழசை உடனே அழித்துவிடாதீர்கள். ஒரு மாதம் கிடக்கட்டும்.

வேறு சர்வரிலிருந்து வந்த பேக்கப்பாக இருந்தால், ஏற்றிய பிறகு லாகின் வேலை செய்யாமல் போகலாம். யூசர் டேட்டாபேஸுக்குள் இருப்பார், அவருக்கான லாகின் இந்த சர்வரில் இருக்காது. இங்கே லாகினை உருவாக்கி, 'ஆல்டர் யூசர்' கட்டளையால் இரண்டையும் இணைத்துவிட்டால் சரியாகிவிடும்.

எல்லாம் ஓட ஆரம்பித்ததும், கடையை விட்டுக் கிளம்பும் முன் புது டேட்டாபேஸை ஒரு ஃபுல் பேக்கப் எடுத்து, பென் டிரைவில் ஒரு நகல் போட்டுக்கொள்ளுங்கள்.