பெர்லினில் முதல் மாதம்: முகவரிப் பதிவும் தபால்பெட்டியும்

விசா கிடைத்து, பெர்லினில் வந்து இறங்கி, தங்க ஓர் அறையும் பார்த்துவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன். அடுத்த வேலை 'அன்மெல்டுங்', அதாவது முகவரிப் பதிவு. வரி எண், சம்பளம் எல்லாம் அதற்குப் பிறகுதான்.

முதல் படி: அறைக்கு முன்பணம் கொடுக்கும் முன்பே, "இங்கே பதிவு செய்ய விடுவீர்களா?" என்று கேட்டுவிடுங்கள். இழுத்தால் வாடகை எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம். குடிவந்ததை உறுதிசெய்து வீட்டுக்காரர் கையெழுத்திட்ட படிவம் வேண்டும். வாடகை ஒப்பந்தம் அதற்கு ஈடாகாது.

இரண்டாவது: குடியேறிய 14 நாட்களுக்குள் பதிய வேண்டும் என்பது சட்டம். ஆனால் பதிவு நடக்கும் 'பூர்கர்அம்ட்' (குடிமக்கள் சேவை அலுவலகம்) இணையதளத்தில் தேதி கிடைப்பது குதிரைக்கொம்பு. நகரத்தில் எந்த அலுவலகத்துக்கும் போகலாம் என்பதால் உங்கள் வட்டாரத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். யாராவது ரத்து செய்த இடங்கள் அவ்வப்போது தலைகாட்டும், காலையில் திரும்பத் திரும்பப் பாருங்கள். அரசு அலுவலகங்களுக்கான உதவி எண் 115-க்கு அழைத்தும் கேட்கலாம். தேதி வாங்கித் தருகிறோம் என்று காசு கேட்கும் தளங்கள் பக்கம் போகாதீர்கள், பதிவே இலவசம்தான்.

மூன்றாவது: பாஸ்போர்ட், படிவங்களோடு போனால் வேலை சீக்கிரம் முடிந்துவிடும். மதம் கேட்கும் கட்டத்தை மட்டும் யோசித்து நிரப்புங்கள். கத்தோலிக்கர், புராட்டஸ்டன்ட் என்று குறித்தால் வருமான வரியில் 9 சதவீதம் தேவாலய வரியாகப் போகும். சான்றிதழில் பெயரின் எழுத்துகளை அங்கேயே சரிபாருங்கள். இனிஷியலும் அப்பா பெயரும் இடம் மாறுவது நம்மவர்களுக்குத்தான்.

இனி எனக்குத் தலைவலி கொடுத்த படி: தபால்பெட்டி. இங்கே பெரும்பாலான அடுக்குமாடிகளில் வீட்டு எண் கிடையாது. தபால்காரர் பெட்டியில் ஒட்டியிருக்கும் பெயரைப் பார்த்துத்தான் கடிதம் போடுவார். பெயர் இல்லையா, கடிதம் அனுப்பியவருக்கே திரும்பிவிடும். 11 இலக்க வரி எண் தபாலில்தான் வரும். என் வீட்டு நிர்வாகம் பெயர்ப்பலகை மாட்ட இழுத்தடித்ததில் அந்தக் கடிதம் திரும்பிப் போனது. வரி எண் இல்லாமல் சம்பளம் போட்டால், வரிப்பிடித்தம் மிக அதிகமான ஆறாம் வரி வகுப்பில் ஏகத்துக்குப் பிடித்துவிடலாம். பிற்பாடு திரும்பக் கிடைக்கும், ஆனால் முதல் மாத வாடகைக்கு உதவாது. அதனால் பலகைக்குக் காத்திருக்காமல், பதிவில் உள்ள அதே பெயரைக் காகிதத்தில் எழுதி அன்றைக்கே செல்லோடேப் போட்டு ஒட்டுங்கள். அழைப்புமணிப் பக்கத்திலும் ஒன்று.

பின்சேர்க்கை: உள்வாடகையில் இருக்கிறேன், வீட்டு உரிமையாளரையே பார்த்ததில்லை என்று சிலர் கேட்டிருந்தார்கள். உங்களுக்கு அறை கொடுத்த முதன்மை வாடகைதாரரே படிவத்தில் கையெழுத்திடலாம். பெட்டியில் அவர் பெயர் மட்டும் இருந்தால், உங்கள் முகவரியில் 'பெய்' (bei, 'இன்னாருடைய வீட்டில்' என்று பொருள்) என்று போட்டு அவர் பெயரையும் சேருங்கள்.

கடிதங்களைப் படிக்க கூகுள் டிரான்ஸ்லேட் கேமரா போதும். முக்கியமானவற்றுக்கு டீப்எல் எனக்குப் பிடிக்கும். அப்புறம், வானொலி-தொலைக்காட்சிக் கட்டணக் கடிதம் வந்தால் மோசடி என்று குப்பையில் போடாதீர்கள். டிவி இல்லாவிட்டாலும் மாதம் 18.36 யூரோ உண்டு. ஆனால் அது வீட்டுக்கு ஒன்றுதான்: அறைத்தோழர் ஏற்கெனவே கட்டினால் அவருடைய கட்டண எண்ணை (வங்கிக் கணக்கு எண் அல்ல) பதிலில் எழுதி அனுப்புங்கள், பாதியை அவரிடம் கொடுத்துவிடுங்கள்.