மகள் தன் போய் பிரண்டைப் பற்றிச் சொன்னால்

கனடாவிலை, ரொறன்ரோவின் ஸ்காபுரோவில் பிள்ளை வளர்க்கும் அம்மாமாருக்கு இதை எழுதுகிறேன். 17 வயது மகள் வந்து, தனக்கு ஒரு பொடியனைப் பிடித்திருக்கிறது என்று சொன்னால், வாயில் முதலில் வருகிற கேள்வியை விழுங்குங்கள். அனேகமாக அது "எந்த ஊர்ப் பொடியன்?" என்பதாகத்தான் இருக்கும். ஊரைக் கேட்டுச் சாதியை அறிகிற பழக்கம் இங்கே பிறந்த பிள்ளைக்கும் விளங்கும். அதற்குப் பிறகு வாயே திறக்காது. "என்னட்டைச் சொன்னது நல்லது, எப்பிடிப் பழக்கம்?" என்று கேளுங்கள். அன்றைக்கு அது போதும்.

மிச்சத்தைக் காரில் கதையுங்கள். டியூஷனுக்குக் கூட்டிப் போகும்போது இரண்டு பேரும் ரோட்டைத்தான் பார்த்துக்கொண்டிருப்பீர்கள், அவளுக்கும் கூச்சம் குறையும். அப்பாவிடம் ஆர் சொல்வது என்பதை அவளிடமே கேளுங்கள்.

உடம்பைப் பற்றியும் கதைக்கத்தான் வேண்டும். ஹோல் எடுத்து, சொந்தபந்தம் எல்லாரையும் கூப்பிட்டு, வீடியோக்காரரையும் பிடித்துச் சாமத்திய வீடு (பெண் பிள்ளை பெரியவளானதைக் கொண்டாடும் விழா) செய்கிறோம். அதே பிள்ளையிடம் கர்ப்பத் தடையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்வதில்லை. எனக்கு இது பெரிய மனவருத்தம்.

சட்டத்தையும் தெரிந்து வையுங்கள். கனடாவில் பாலுறவுக்குச் சம்மதிக்கும் வயது 2008 முதல் பொதுவாக 16. ஆசிரியர், பயிற்சியாளர் போல அதிகாரத்தில் இருப்பவர் என்றால் 18. எங்கட ஒன்ராறியோ மாகாணத்தில் 1996 ஆம் ஆண்டுச் சட்டப்படி சிகிச்சைக்குச் சம்மதம் சொல்ல வயதெல்லை கிடையாது. விளங்கி முடிவெடுக்கக்கூடிய பிள்ளை தானே கிளினிக்குக்குப் போய்க் கர்ப்பத் தடை மாத்திரை எழுதுவிக்கலாம். ஆகவே மிரட்டிப் பலனில்லை. "போறதெண்டால் என்னையும் கூட்டிக்கொண்டு போ" என்று சொல்லி வையுங்கள்.

அப்புறம், பொடியனை வீட்டுக்குக் கூப்பிடுங்கள். தேத்தண்ணியும் ரோல்ஸும் கொடுத்து மேலே ஹோலில் இருத்துங்கள், பேஸ்மென்ற் வேண்டாம். தன் வெள்ளைக்காரச் சிநேகிதியின் வீட்டில் அந்தப் பிள்ளையின் போய் பிரண்ட் இரவு தங்குவார் என்று மகள் சொல்லுவாள். அந்தப் பெற்றோரைக் கேவலமாகக் கதைக்காதீர்கள். "அது அவையின்ர வீட்டு முறை, எங்கட வீட்டிலை பத்து மணிக்குள்ளை வரவேணும்" என்றால் சரி. மகனுக்கும் அதே பத்து மணிதான், இல்லாவிட்டால் மகள் உங்களை நம்பமாட்டாள்.

யாழ்ப்பாணத்தில் இருக்கிற அம்மம்மாவுக்கு எப்போது சொல்வது என்பது மகளின் முடிவு. அதுவரை வட்ஸ்அப் குடும்பக் குழுவில் மூச்சு விடாதீர்கள். மச்சாள்மார் தோண்டித் தோண்டிக் கேட்டால், "அவள் படிக்கிறாள்" என்று சொல்லிக் கதையை மாற்றுங்கள்.