அறிவியல் வினாடி வினா: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிப்ரவரி மாதம் பிறந்துவிட்டால் தேசிய அறிவியல் நாளை ஒட்டிப் பள்ளிகளில் வினாடி வினாப் போட்டிகள் களைகட்டத் தொடங்கும். பிப்ரவரி 28இன் சிறப்பு என்ன என்று கேட்டால், ‘சர் சி.வி. ராமனின் பிறந்தநாள்’ என்று முந்திக்கொண்டு சொல்லும் மாணவர் ஒருவராவது இருப்பார். ராமன் திருச்சிராப்பள்ளியில் பிறந்தது 1888 நவம்பர் 7. பிப்ரவரி 28 என்பது 1928இல் கொல்கத்தாவில் அவர் ராமன் விளைவைக் கண்டறிந்த நாள். மாணவர் செய்யும் இந்தப் பிழையை ஒரே வரியில் திருத்திவிடலாம். அடுத்த கேள்வியில்தான் கேள்வி தயாரித்தவரே சறுக்குகிறார்.

‘கடல் நீலமாகத் தெரிவது ஏன்?’ என்று கேட்டுவிட்டு, ‘ராமன் விளைவு’ என்ற விடைக்கு முழு மதிப்பெண் கொடுப்பதை நான் பல மேடைகளில் பார்த்திருக்கிறேன். தொடக்கக் காலத்தில் நானும் கொடுத்திருக்கிறேன். வானத்தின் நீலத்தைக் கடல் பிரதிபலிக்கிறது, அவ்வளவுதான் என்பது ஆங்கிலேய இயற்பியலாளர் ராலே பிரபுவின் கருத்து. 1921இல் ஐரோப்பாவிலிருந்து கப்பலில் திரும்பிய ராமன், ஒரே திசையில் அதிரும் ஒளியை மட்டும் கடத்தும் நிக்கோல் பட்டகம் ஒன்றின் வழியாகக் கடலைப் பார்த்து, மேற்பரப்பில் பட்டுத் திரும்பும் ஒளியை விலக்கிய பிறகும் நீலம் மறையவில்லை என்பதைக் கண்டு, நீரின் மூலக்கூறுகளே ஒளியைச் சிதறடிக்கின்றன என்று எழுதினார். அந்தச் சிதறலில் ஒளியின் அலைநீளம் மாறுவதில்லை. ஏழு ஆண்டுகள் கழித்து அவர் கண்டறிந்ததோ, சிதறும் ஒளியில் மிக மிகச் சிறிய ஒரு பங்கு தன் அலைநீளத்தையே மாற்றிக்கொள்கிறது என்பதாகும். அது கரையில் நின்று கண்ணால் காணக்கூடியதன்று. கடல்நீர் சிவப்பு ஒளியை அதிகமாக உறிஞ்சிக்கொள்வதும், எஞ்சிய நீலம் சிதறி நம்மை நோக்கித் திரும்புவதும்தான் கடலின் நிறத்துக்கு முதன்மையான காரணம். கடற்பயணம் ராமனின் ஆய்வுக்குத் தூண்டுதலாக இருந்தது என்ற உண்மை, கேள்வித்தாளுக்கு வரும்போது கடலின் நிறத்துக்கே காரணமாகத் திரிந்துவிட்டது.

நிபந்தனையைச் சொல்லாமல் கேட்பது இன்னொரு தவறு. ‘அறை வெப்பநிலையில் திரவமாக இருக்கும் உலோகம் எது?’ என்ற கேள்விக்குப் பாதரசம் என்பது ஊரறிந்த விடை. காலியம் என்ற உலோகம் 29.76 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். மின்விசிறி மட்டும் சுழலும் சென்னை வகுப்பறை ஒன்றில், மே மாதத்தில் அதுவும் திரவம்தான். சீசியம் அதற்கும் முன்பே உருகிவிடும். ‘25 டிகிரி செல்சியஸில்’ என்று சேர்த்துவிட்டால் சிக்கல் தீர்ந்தது. தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும் என்பதும் கடல்மட்டக் காற்றழுத்தத்துக்கே பொருந்தும். 2,200 மீட்டருக்கு மேல் உயரத்தில் இருக்கும் ஊட்டியில் அது ஏறக்குறைய 93 டிகிரியிலேயே கொதித்துவிடும் என்பதால்தான் அங்கே திறந்த பாத்திரத்தில் பருப்பு வேகத் தாமதமாகிறது. மனித எலும்புகள் 206 என்னும்போது ‘வளர்ந்தவருக்கு’ என்று சேர்க்க வேண்டும். பச்சிளங்குழந்தைக்கு எண்ணிக்கை அதைவிட அதிகம்.

விடுகதைகளை அறிவியல் கேள்வியாக மாற்றும்போது கூடுதல் கவனம் தேவை. ‘காலையில் நெட்டை, நண்பகலில் குட்டை, மாலையில் மறுபடியும் நெட்டை; அது என்ன?’ என்பதற்கு நிழல் என்ற விடையில் குறையொன்றும் இல்லை. ‘அந்த நிழல் காலடியிலேயே மறைவது எப்போது?’ என்று நீட்டிக் கேட்டுவிட்டு, ‘தினமும் நண்பகல் 12 மணிக்கு’ என்று விடை எழுதிவைத்தால் அது இரண்டு வகையில் பிழை. சென்னையில் சூரியன் உச்சந்தலைக்கு நேர் மேலே வருவது ஆண்டுக்கு இரண்டே நாட்களில், ஏப்ரல் 24, ஆகஸ்ட் 18 வாக்கில் மட்டுமே; கன்னியாகுமரியில் ஏப்ரல் இரண்டாம் வாரத்திலேயே வந்துவிடும்; டெல்லியில் ஒருநாளும் வராது. மேலும், இந்திய நேரம் 82.5 டிகிரி கிழக்குத் தீர்க்கக்கோட்டை வைத்துக் கணிக்கப்படுவதால், அதற்கு மேற்கே உள்ள சென்னையில் அந்த நிழலில்லாப் பொழுது ஏப்ரலில் சுமார் 12.07க்கும் ஆகஸ்டில் சுமார் 12.13க்கும் அமைகிறது. விளையாட்டுத் திடலில் ஒரு குச்சியை நேராக நட்டுவைத்து மாணவர்களே இதைச் சரிபார்க்கலாம். ஏப்ரல் 24க்கும் ஆகஸ்ட் 18க்கும் இடையே சென்னையில் நண்பகல் நிழல் தெற்கு நோக்கி விழும் என்பதையும் அப்போது பார்ப்பார்கள். இது பல ஆசிரியர்களுக்கே வியப்பளிக்கும்.

பழைய குறிப்பேட்டை நம்பியதால் நான் பட்ட அவமானம் ஒன்று உண்டு. அதிகத் துணைக்கோள்களைக் கொண்ட கோள் எது என்று கேட்டு, ‘சனி’ என்று சொன்ன எட்டாம் வகுப்பு மாணவியின் விடையைத் தவறு என்று அறிவித்துவிட்டேன். என் குறிப்பேட்டில் வியாழன் என்று இருந்தது. 2019 அக்டோபரிலேயே சனி 82 துணைக்கோள்களுடன் வியாழனை முந்திவிட்டது. 2023 தொடக்கத்தில் வியாழன் 92உடன் மீண்டும் முன்னேறியது. அதே ஆண்டு மே மாதத்தில் சனி 145ஐ எட்டியது. 2025 மார்ச்சில் அதன் எண்ணிக்கை 274 ஆனது. இப்படி மாறும் எண்களைக் கேட்பதாக இருந்தால் ‘எந்த ஆண்டு நிலவரப்படி’ என்று கேள்வியிலேயே குறிப்பிட்டுவிடுவது நல்லது. அந்த மாணவியிடம் மன்னிப்புக் கேட்டு மதிப்பெண்ணைத் திருத்தியபோது சுழற்கோப்பையை வேறோர் அணி வாங்கிச் சென்றிருந்தது.

ஒரு கிலோ இரும்பா, ஒரு கிலோ பஞ்சா, எது கனம் என்ற கேள்வியைச் சிரிப்புக்காகக் கேட்பவர்கள்கூடச் சொல்லில் கவனமாக இருக்க வேண்டும். இரண்டின் நிறையும் ஒன்றே. ஆனால் பஞ்சின் இழைகள் இரும்பைவிட அதிகக் காற்றை விலக்குவதால், மிக நுட்பமான தராசில் வைத்தால் பஞ்சின் எடை இரும்பைவிட அரை கிராமுக்குச் சற்று மேல் குறைந்தே காட்டும். மளிகைக் கடைத் தராசு இதைக் கண்டுகொள்ளாது. மிதப்பு விசையை அப்போதுதான் படித்துவிட்டு வந்திருக்கும் ஒன்பதாம் வகுப்பு மாணவர் கண்டுகொள்வார். ‘இரும்புதான் கனம்’ என்று அவர் எழுந்து சொன்னால், உட்காரச் சொல்வதற்கு முன் ஏன் என்று கேட்டுவிடுங்கள்.