ஓரத்துக் கதிரைக்கும் வசனம் கேட்க வேண்டும்: சென்டர் ஸ்பீக்கரைத் தெரிவு செய்யும் முறை

வீட்டில் ஐந்து ஸ்பீக்கர்களும், ஆழ்ந்த கீழ்ஸ்தாயி ஒலிக்கென ஒரு சப்வூபரும் கொண்ட (5.1) ஒலித்தொகுதியைப் பூட்டியவர்களிற் பலர், முதற் கிழமை வெடிச்சத்தத்தைக் கேட்டு மகிழ்ந்துவிட்டு, இரண்டாம் கிழமையில் ஒரே முறைப்பாட்டுக்கு வந்து சேர்கிறார்கள்: சண்டைக் காட்சி காதைக் கிழிக்கிறது, பேச்சு மட்டும் விளங்கவில்லை. திரைப்படத்தின் 5.1 ஒலியில் வசனத்தின் பெரும்பகுதி நடு அலைவரிசைக்கே கொடுக்கப்படுகிறது. ஆகவே பேச்சு விளங்காதபோது முதலிற் பார்க்க வேண்டியது தொலைக்காட்சிக்குக் கீழே படுத்திருக்கும் அந்தச் சென்டர் ஸ்பீக்கரைத்தான். விந்தை என்னவென்றால், தொகுதி வாங்கும்போது மிகக் குறைந்த யோசனையுடன் வாங்கப்படுவதும் அதுவே.

நானும் அப்படித்தான் வாங்கினேன். மட்டக்களப்பு நகரத்துக் கடையொன்றில், தொலைக்காட்சியின் அகலத்துக்கு ஒத்துவருகிறது என்ற ஒரே காரணத்துக்காக, இரண்டு பெரிய வூபர்களும் (கீழ்ஸ்தாயிக்கும் நடுத்தர ஒலிக்குமான கூம்புகள்) நடுவில் மேல்ஸ்தாயிக்கான ஒரு ட்வீட்டரும் உள்ள நீளமான பெட்டியொன்றைத் தூக்கிக்கொண்டு வந்தேன். சோபாவின் நடுவில் இருந்த எனக்கு எல்லாம் தெளிவாகவே கேட்டது. யன்னலோரக் கதிரையில் இருக்கும் அம்மாவோ பத்து நிமிடத்துக்கொரு தடவை, “மனே, அவன் என்ன சொல்றான்?” என்று கேட்டுக்கொண்டிருந்தார். வயதானால் காது மந்தமாவது இயல்புதானே என்று நான் எண்ணியிருந்தேன். ஒரு நாள் வீட்டுக்கு விருந்தினர் வந்து, நான் அந்தக் கதிரைக்குத் தள்ளப்பட்டபோதுதான் விடயம் விளங்கியது. அங்கிருந்து கேட்டால், பேசுபவர்கள் எல்லோரும் வாயிற் துணியைப் பொத்திக்கொண்டு பேசுவதுபோல் இருந்தது. குறை அம்மாவின் காதில் இருக்கவில்லை. நான் தூக்கிவந்த பெட்டியில் இருந்தது.

அதனால் இந்த ஸ்பீக்கரைத் தெரிவு செய்யும்போது கேட்க வேண்டிய முதற் கேள்வி, ஓரத்துக் கதிரையில் யார் இருக்கப்போகிறார் என்பதே. ஒருவரோ இருவரோ திரைக்கு நேர் நடுவில் இருந்து மட்டுமே படம் பார்ப்பார்களானால் சென்டர் ஸ்பீக்கரே தேவையில்லை என்பேன். இடது வலது ஸ்பீக்கர்கள் இரண்டும் சம அளவில் ஒலிக்கும்போது, குரல் நடுவிலிருந்து வருவதாகவே காது உணரும். அந்த மாயம் நடுவில் இருப்பவருக்கு மட்டுமே பலிக்கும். இரண்டடி விலகியிருப்பவருக்குக் குரல் தனக்குக் கிட்டவுள்ள ஸ்பீக்கரிலிருந்து வரும். திரையில் வாய் ஓரிடத்திலும் சத்தம் வேறோரிடத்திலுமாகப் பிரிந்து நிற்கும். நமது பகுதி வீடுகளில் பெரியவர்கள் கதிரைகளிலும், பிள்ளைகள் கீழே பாயிலும், வந்து போகிறவர்கள் வாசற்படியிலுமாக விரிந்து இருந்துதான் படம் பார்க்கிறோம். ஆகவே நமக்கு இந்த ஸ்பீக்கர் வேண்டும்; அதுவும் பக்கவாட்டில் நன்றாக ஒலிப்பதாக இருக்க வேண்டும்.

பக்கவாட்டில் ஏன் கெடுகிறது என்பதை ஓர் அளவுநாடாவைக் கொண்டே கணித்துவிடலாம். நீளப்பெட்டியில் இரண்டு வூபர்களும் ஒரே ஒலியை எழுப்புகின்றன. நடுவில் இருப்பவருக்கு இரண்டும் ஒரே தூரத்தில் இருப்பதால் ஒலிகள் ஒன்றாக வந்து சேர்ந்து கூடும். ஓரத்தில் இருப்பவருக்கு ஒரு வூபர் கிட்டவும் மற்றது சற்றுத் தூரவும் அமைகிறது. அந்தத் தூர வித்தியாசம் ஒலியின் அலைநீளத்திற் பாதியாகும்போது, ஒன்றின் மேடு மற்றதன் பள்ளத்தில் விழுந்து இரண்டும் ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. ஸ்பீக்கரிலிருந்து சோபாவுக்குப் பத்தடி என்றால், நடுவிலிருந்து ஏறத்தாழ ஆறடி விலகியுள்ள கதிரை 30 பாகை கோணத்தில் இருக்கும். அந்தக் கோணத்தில் தூர வித்தியாசம் வூபர்களுக்கிடையேயான இடைவெளியிற் சரிபாதி. ஆதலால் 34,000 என்ற எண்ணை, இரு வூபர்களின் நடுப்புள்ளிகளுக்கு இடையிலான சென்ரிமீற்றர் அளவால் வகுத்தால், அக்கதிரையில் எந்த அதிர்வெண் முதலில் அழியும் என்பது கிடைத்துவிடும். இடைவெளி 34 சென்ரிமீற்றர் என்றால் 1000 ஹேர்ட்ஸ். 26 சென்ரிமீற்றர் என்றால் 1300 ஹேர்ட்ஸ் அளவில். பேச்சின் தெளிவு ஏறத்தாழ 1000 ஹேர்ட்ஸிலிருந்து 4000 ஹேர்ட்ஸ் வரையான எல்லையிலேயே பெரிதும் தங்கியிருக்கிறது. வலி, வளி, வழி என்ற மூன்றையும் வேறுபடுத்திக் காட்டும் நுணுக்கங்களும் அங்கேதான் இருக்கின்றன; ழகரம் போன்ற எழுத்துக்கள் வேறுபட்டுக் கேட்க வேண்டிய இடத்திலேயே இந்தப் பெட்டியும் பள்ளம் தோண்டுகிறது.

எல்லா நீளப்பெட்டிகளும் இப்படியல்ல. வூபர்கள் இரண்டுக்கும் நடுவில் ட்வீட்டரும், அதற்கு மேலோ கீழோ நடுத்தர ஒலிக்கென ஒரு சிறிய கூம்பும் நிலைக்குத்தாக அடுக்கப்பட்டிருக்குமானால், அது மூவழி அமைப்பு. அதில் பேச்சின் முக்கிய பகுதியை அந்த ஒற்றைக் கூம்பே ஏற்றுக்கொள்வதால், வூபர்கள் கீழ்ஸ்தாயியோடு நின்றுவிடுகின்றன; மேற்சொன்ன அழிவு பேச்சைத் தொடுவது மிகவும் குறைகிறது. இன்னொரு வகை, கூம்பின் நடுவிலேயே ட்வீட்டரைப் பொருத்திய ஒருமைய அமைப்பு. கெஃப் நிறுவனம் 1988ஆம் ஆண்டிலிருந்து யூனி-கியூ என்ற பெயரில் இதைச் செய்துவருகிறது. வேறு நிறுவனங்களும் செய்கின்றன. மூன்றாவது வழி மலிவானது, ஆனால் கடைக்காரர் எவரும் தானாகச் சொல்லமாட்டார்: இடது வலதுக்கு வைத்திருக்கும் அதே சிறிய புத்தகத்தட்டு ஸ்பீக்கரில் இன்னொன்றை வாங்கி, நடுவிலும் நிறுத்தியே வைப்பது. ஒரு வூபர்தான் இருப்பதால் பக்கவாட்டில் அழிய எதுவுமில்லை. மூன்றும் ஒரே குரலிற் பேசும். தொலைக்காட்சியைச் சற்று உயர்த்தி மாட்ட இடமுள்ளவர்களுக்கு நான் முதலிற் சொல்வது இதைத்தான். ஆனால் ஸ்பீக்கர்கள் சோடியாகவே விற்கப்படுவதுண்டு. மிஞ்சும் ஒன்றை யார் பொறுப்பேற்பது என்று முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். நிறுத்தி வைக்க வேண்டியதை இடம் போதாது என்று படுக்கவைத்தால், ட்வீட்டரும் வூபரும் பக்கம் பக்கமாகி, விட்ட குறை திரும்பவும் வந்துவிடும்.

மூன்றும் ஒரே குரலில் என்றேன். திரையில் இடப்பக்கமிருந்து வலப்பக்கம் ஒரு மோட்டார் சைக்கிள் ஓடுகிறதென்றால், அதன் ஒலி மூன்று ஸ்பீக்கர்களையும் கடக்கிறது. நடுவிலுள்ளது வேறு தன்மையுடையதாயின், வண்டி நடுவில் வந்ததும் வேறு வண்டியாகிவிடும். எனவே இயன்றவரை முன்பக்க ஸ்பீக்கர்களின் அதே நிறுவனத்தின் அதே வரிசையில் வாங்குங்கள். அதுவும் இயலாவிட்டால் குறைந்தது ட்வீட்டராவது ஒரே வகையாக இருக்கட்டும். பின்பக்க ஸ்பீக்கர்கள் வேறாக இருந்தாலும் பெரிய மோசமில்லை.

எண்களில் மயங்க வேண்டாம். பெட்டியில் ஆயிரக்கணக்கில் அச்சிடப்படும் பி.எம்.பி.ஓ. (கணநேர உச்ச வலு) வாற்றுக்களுக்கு எந்தப் பொருளும் இல்லை. பார்க்க வேண்டியவை இரண்டு. ஒன்று உணர்திறன்: 87 டெசிபெல் என்றால், ஒரு வாற்று கொடுத்து ஒரு மீற்றர் தூரத்தில் அளந்த ஒலியளவு அது. மூன்று மீற்றர் தள்ளி இருப்பவருக்கும் அந்த ஒரு வாற்றில் ஏறத்தாழ 77 டெசிபெல் கிடைக்கும்; சாதாரண வசனத்துக்கு அது தாராளம், மீதி வலு உச்சங்களுக்கே தேவைப்படும். 90 டெசிபெல் உள்ளது அதே சத்தத்துக்குப் பாதி வலுவையே கேட்கும். மற்றது தடை: ஸ்பீக்கர்களுக்கு ஒலியைப் பிரித்துக் கொடுக்கும் உங்கள் ரிசீவரின் பின்புறத்தில் 6 ஓம் முதல் 8 ஓம் வரை என்று எழுதியிருந்தால், 4 ஓம் ஸ்பீக்கரைக் கொண்டுபோய்ப் பூட்டாதீர்கள். ஒரே பெட்டியில் முழுத் தொகுதியாக விற்கப்படுபவற்றில் வேறு ஸ்பீக்கருக்குப் பொருந்தாத தனி இணைப்பி பயன்படுத்தப்பட்டிருக்கலாம். அப்படியானவற்றுக்கு வெளியிலிருந்து ஒரு சென்டர் ஸ்பீக்கரை வாங்குவது வீண் செலவு.

அளவைப் பொறுத்தவரை, ஸ்பீக்கர் 80 ஹேர்ட்ஸ் வரை சிரமமின்றி இறங்கினால் போதும். அதற்குக் கீழுள்ளதை ரிசீவரிலுள்ள அமைப்பின் மூலம் சப்வூபருக்கு அனுப்பிவிடலாம். ஐந்தேகால் அங்குல வூபரே நமது சராசரி மண்டபங்களுக்குக் காணும். மூன்றங்குலக் கூம்புகளோடு வரும் மெல்லிய பெட்டிகளைத் தவிர்க்கவே சொல்வேன். ஆண் குரலின் அடித்தளம் 100 ஹேர்ட்ஸ் அளவில் இருப்பதால், அவற்றில் நாயகனும் வில்லனும் ஒரே தொலைபேசியில் பேசுவதுபோல் கேட்கும்.

கடையில் கேட்டுப் பார்க்க வேண்டும். மட்டக்களப்பிலோ கல்முனையிலோ அக்கரைப்பற்றிலோ எந்தக் கடையானாலும், வெடியும் ஹெலிகொப்டருமாகப் போட்டுக் காட்டுவதைப் பொறுமையாகக் கேட்டுவிட்டு, உங்கள் கைப்பேசியிற் பதிந்து கொண்டுபோன ஒரு குரலைப் போடச் சொல்லுங்கள். வீட்டிலுள்ள ஒருவர் பத்திரிகையை வாசிப்பது போதும். நாள்தோறும் கேட்கும் குரல் என்பதால் அதன் பிசகு உடனே தெரியும். பிறகு ரிசீவரிலுள்ள பரிசோதனை இரைச்சலைச் சென்டருக்கு மட்டும் போடச் செய்து, நடுவிலிருந்து ஓரத்துக்கு மெல்ல நடந்து செல்லுங்கள். இரைச்சல் சற்றுக் குறைவதிற் பிழையில்லை. குழாய்க்குள்ளிருந்து வருவதுபோல் அதன் நிறமே மாறினால், அந்தப் பெட்டி உங்களுக்குரியதல்ல. கூத்துக் களரியைச் சுற்றிவர இருக்கும் எல்லோருக்கும் சொல் போய்ச் சேர வேண்டுமென்றே பிற்பாட்டுக்காரர் வரியைத் திருப்பிப் பாடுவதாக ஊரில் ஒரு பெரியவர் சொல்வார். சென்டர் ஸ்பீக்கருக்குப் பிற்பாட்டுக்காரர் கிடையாது. அது ஒரே தடவையில் எல்லாப் பக்கமும் சொல்லியாக வேண்டும்.

கடலோரத்தில் இருப்பவர்கள் பொருளின் கட்டமைப்பையும் கவனிக்க வேண்டும். கூம்பைச் சுற்றியுள்ள வளையம் இறப்பரா, ஃபோமா என்று பாருங்கள். ஈரப்பதனில் ஃபோம் சில வருடங்களில் உதிர்ந்துபோகும். பழையதை வாங்குபவர்கள் விரல் நுனியால் மெதுவாகத் தொட்டுப் பார்த்தாலே தெரிந்துவிடும். பின்புறத் துளை உள்ளதாயின் பல்லி குடியேறாதபடி மெல்லிய வலைத்துணியொன்றைக் கட்டிவிடலாம். வயர் வாங்கும்போது நுனியைக் கத்தியாற் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அது செம்பு பூசிய அலுமினியம். வருடத்துக்கொருமுறை கறுத்துப்போன நுனியை வெட்டிவிட்டுப் புதிதாக உரித்துப் பூட்டுவது உப்புக்காற்றுக்கு நல்ல மருந்து.

வீட்டுக்கு வந்ததும், அலுமாரித் தட்டின் உட்புறத்தில் ஆழமாகத் தள்ளிவிடாமல், பெட்டியின் முகம் தட்டின் விளிம்புடன் ஒட்டி நிற்கும்படி வையுங்கள். பின்னே தள்ளினால் தட்டின் பரப்பில் ஒலி பட்டுத் தெறித்துக் குரலைக் குழப்பும். ட்வீட்டர் கதிரையில் இருப்பவரின் காதை, அதாவது தரையிலிருந்து ஏறத்தாழ மூன்றரை அடியை, நோக்குமாறு முன்பக்கத்தை ஓர் இறப்பர் கட்டையால் உயர்த்திக் கொள்ளலாம். பாயில் பிள்ளைகளும் இருப்பதானால் ஒருமைய வகை இங்கேயும் கைகொடுக்கும். மேலும் கீழும் அதற்கு ஒன்றே.

சீமெந்துத் தரையும் வெறுஞ்சுவரும் உள்ள மண்டபத்தில் எந்த ஸ்பீக்கரும் தடுமாறும். நடுவில் நின்று ஒருமுறை கைதட்டிப் பாருங்கள். சத்தம் வாலிழுத்தால் துணி வேண்டும். மருதமுனைக் கைத்தறித் துணியில் தடித்ததாக எடுத்து, மடிப்பு மடிப்பாகத் தொங்கும் யன்னல் சீலையாகப் போட்டால் பயன் தெரியும். பன்பாய் அழகுதான், ஆனால் அதன் மென்மைக்கு மேல்ஸ்தாயியை மட்டுமே சற்று விழுங்கும். தரைக்குத் தடித்த கம்பளம் வேண்டும்.

இணைக்கும்போது சிவப்பு சிவப்புக்கே போகிறதா என்று இருமுறை பாருங்கள். மாறிப்போனால் பக்க ஸ்பீக்கர்களோடு ஒத்துப்போகாமல் குரல் பரந்து கரைந்துவிடும். ரிசீவரில் சென்டரைச் சிறியது என்று அமைத்து, சப்வூபருக்கு அனுப்பும் எல்லையை 80 ஹேர்ட்ஸில் வைத்து, தூரத்தை அளந்து கொடுங்கள். தொலைக்காட்சியின் ஒலி வெளியீடு இரு அலைவரிசையாக மட்டும் அமைக்கப்பட்டிருந்தால், வாங்கிய ஸ்பீக்கர் ஊமையாக இருக்கும். அமைப்பை மாற்றுங்கள், இல்லையேல் இரு அலைவரிசை ஒலியை எல்லா ஸ்பீக்கர்களுக்கும் பகிரும் ரிசீவரின் டொல்பி விரிவாக்க முறையைப் போடுங்கள். இறுதியாகச் சென்டரின் அளவை மற்றவற்றைவிட ஒன்று அல்லது இரண்டு டெசிபெல் கூட்டி, ஓரத்துக் கதிரையில் இருந்து கேட்டுச் சரிபாருங்கள். கார்த்திகை, மார்கழி மழை தகரத்தில் கொட்டும் இரவுகளுக்கு நான் மூன்று டெசிபெல் கூட்டிய இன்னோர் அமைப்பையும் ரிசீவரிற் பதிந்து வைத்திருக்கிறேன். மழை தொடங்கியதும் ரிமோட்டை எடுத்து அதற்கு மாற்றுவது இப்போது அம்மாவின் வேலை.