ஆர்டர் எடுத்து, புகைப்படம் பார்த்து உருவப்படம் வரையத் தொடங்குகிறீர்களா?

வேலூரில் முதல் ஆர்டர் பெரும்பாலும் தெரிந்தவர் வீட்டிலிருந்துதான் வரும்: கல்யாண நாள் பரிசு, இல்லையென்றால் மறைந்த தாத்தாவின் படம். தெரிந்தவர்தானே என்று முன்பணம் கேட்கத் தயங்காதீர்கள். பாதித் தொகை கைக்கு வந்த பிறகே பென்சிலைத் தொடுங்கள். எத்தனை முறை திருத்தித் தருவீர்கள் என்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள். நான் இரண்டோடு நிறுத்திக்கொள்கிறேன். புகைப்படத்தை வாட்ஸ்அப்பில் டாக்குமெண்டாக அனுப்பச் சொல்லுங்கள். சாதாரணமாக அனுப்பினால் தரம் குறைந்து, கண்ணின் நுணுக்கமெல்லாம் போய்விடும்.

சரி, உங்களுக்கென்று ஒரு பாணி? புகைப்படத்தை அப்படியே நகலெடுத்துக்கொண்டிருந்தால் அது வராது. கோட்டைக்குள் ஜலகண்டேஸ்வரர் கோயில் கல்யாண மண்டபம் இருக்கிறதே, 16ஆம் நூற்றாண்டு விஜயநகரச் சிற்பவேலை, அங்கே ஒரே ஒரு யாளித் தூணைத் தேர்ந்தெடுங்கள். வாரம் ஒருமுறை போய் அதையே வரையுங்கள். ஒருநாள் பேனா, ஒருநாள் கரி, அப்புறம் ஐந்தே நிமிடத்தில் முடிக்கும் கோட்டோவியம். பத்துப் படம் சேர்ந்ததும் தரையில் பரப்பிப் பாருங்கள். எதைத் திரும்பத் திரும்ப அழுத்தி வரைந்திருக்கிறீர்கள், எதை விட்டிருக்கிறீர்கள் என்று தெரியும். எனக்குத் தடித்த வெளிக்கோடு அப்படித்தான் கிடைத்தது. அடுத்த ஆர்டரில் அந்தப் பழக்கத்தைத் துணி மடிப்பிலோ பின்னணியிலோ கொண்டுவாருங்கள். முகச்சாயலில் மட்டும் கைவைக்க வேண்டாம்.