கறுப்பு இலை பெகோனியா: தொட்டியில் அழுகாமல் வளர்ப்பது எப்படி?

வாங்கி வரும்போது பளபளவென்று இருக்கும் கறுப்பு இலை பெகோனியா, இரண்டு மாதத்தில் துவண்டு சாய்ந்துவிடுவது சகஜம். வெயில் தாங்கவில்லை போலிருக்கிறது என்று கூடுதலாகத் தண்ணீர் விடுவார்கள். பெரும்பாலும் செடியை முடித்துவைப்பது அந்தத் தண்ணீர்தான். பெகோனியாவின் வேர் நூல் மாதிரி மெல்லியது, ஆழமாகப் போகாது, காற்று கிடைக்காவிட்டால் சீக்கிரம் அழுகிவிடும். தொட்டி, கலவை, தண்ணீர் என்று கீழே சொல்லியிருப்பவை பெரும்பாலும் வேருக்குக் காற்று போவதற்கான ஏற்பாடுகள்தான்.

எந்தச் செடியைப் பற்றிப் பேசுகிறோம்

பெகோனியாவில் இனங்கள் மட்டும் 2,000-க்கு மேல். தண்டைப் பார்த்தால் வகை தெரிந்துவிடும். கணுக்கணுவாக நிமிர்ந்து நிற்பது கேன் வகை. சாறு நிறைந்த குட்டைத் தண்டும் நிறையப் பூக்களுமாக இருப்பது மெழுகு பெகோனியா. இதிலும் செம்பு நிற இலை உண்டு, ஓரளவு வெயிலும் தாங்கும். தடித்த, முடிச்சுமுடிச்சான தண்டு மண்ணின் மேலேயே படுத்து ஊர்ந்தால் அது கிழங்குத்தண்டு வகை. கறுப்பு பெகோனியா என்று நர்சரிகளில் கிடைப்பது பெரும்பாலும் இந்த வகைதான். மெக்சிகோவின் தென்பகுதியைச் சேர்ந்த பௌவரே இனத்தின் கலப்பினங்களும், அசாம் பக்கத்து மலைக்காடுகளிலிருந்து வந்த ரெக்ஸ் இனத்தின் கலப்பினங்களும் இதில் அடக்கம். பெயர்ச்சீட்டு இல்லாவிட்டாலும் பரவாயில்லை, பராமரிப்பு ஏறக்குறைய ஒன்றுதான். ரெக்ஸ் மட்டும் கொஞ்சம் கூடுதலாகச் சிணுங்கும். முதல் செடியாக வாங்குபவர்களுக்குச் சின்ன இலையுள்ள பௌவரே கலப்பினம்தான் நல்லது.

இலையைத் திருப்பிப் பார்த்தால் அடிப்பக்கம் பல வகைகளில் ஒயின் சிவப்பாக இருக்கும். பச்சையத்தோடு ஆந்தோசயனின் என்ற சிவப்பு நிறமியும் அடர்ந்திருப்பதால்தான் மேலே கறுப்பாகத் தெரிகிறது. காட்டில் இவை மரநிழலில், பாசி படிந்த பாறையிலும் மட்கிய இலைச்சருகிலும் வேர்விட்டு வளர்பவை. நம் மேற்குத் தொடர்ச்சி மலையிலும் காட்டு பெகோனியாக்கள் உண்டு. அவற்றை ஈரம் கசியும் பாறைச் சரிவுகளில் பார்க்கலாம். வேரைச் சுற்றி ஈரம் இருக்கும், ஆனால் தண்ணீர் தேங்காது. தொட்டியில் நாம் கொண்டுவர வேண்டியதும் அந்த நிலைமைதான்.

வாங்கும்போது

படுத்திருக்கும் தண்டை மெல்ல அழுத்துங்கள். கெட்டியாக இருக்க வேண்டும், மெத்தென்று அமுங்கினால் வேண்டாம். இலையில் வெள்ளைப் பொடி, காம்பு சேருமிடத்தில் பஞ்சு போன்ற பூச்சி, கண்ணாடி போல ஒளி ஊடுருவும் புள்ளி ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் விட்டுவிடுங்கள். பெரிய செடியைவிட, நுனியில் சுருண்ட புது இலை இரண்டு வந்திருக்கும் சின்னச் செடி மேல்.

சென்னை, மதுரை, திருச்சியில் இருப்பவர்கள் டிசம்பர், ஜனவரியில் வாங்குங்கள். கோடைக்கு முன் வேர் பிடிக்க அவகாசம் கிடைக்கும். பசுமைக்குடிலில் வளர்ந்த செடியை ஏப்ரலில் வாங்கி மொட்டைமாடிக்குக் கொண்டுபோவது வீண் செலவு. கொண்டு வந்ததும் பத்து நாள் மற்ற செடிகளிலிருந்து தள்ளி வைத்துப் பூச்சி இருக்கிறதா என்று கவனித்துவிட்டு, பிறகு தொட்டி மாற்றலாம்.

படி 1: தொட்டி

ஆழத்தைவிட அகலம் முக்கியம். வேர்க்கட்டி (வேரும் அதைச் சுற்றிய மண்ணும் சேர்ந்தது) 4 அங்குல அகலம் என்றால் 5 அல்லது 6 அங்குல அகலம், 4 அங்குல ஆழம் உள்ள தொட்டி போதும். "எப்படியும் வளரும்தானே" என்று 10 அங்குலத் தொட்டியில் வைக்காதீர்கள். வேர் எட்டாத மண்ணில் ஈரம் வாரக்கணக்கில் நிற்கும், அழுகல் அங்கிருந்துதான் தொடங்கும்.

அடியில் குறைந்தது மூன்று துளைகள் வேண்டும். தண்ணீர் விடுவதில் கை தாராளமானவர்களுக்கு மண்தொட்டி, மறதிக்காரர்களுக்கு பிளாஸ்டிக். ஓட்டைமேல் கொசுவலைத் துண்டு ஒன்று வைத்தால் போதும். அடியில் ஜல்லி பரப்பும் பழக்கத்தை இந்தச் செடிக்கு விட்டுவிடுங்கள். கலவையின் அடிமட்டத்தில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் தங்கும். ஜல்லி போட்டால் அந்த ஈர அடுக்கு மேலேறி வேருக்கு அருகில் வந்துவிடும்.

படி 2: கலவை

செம்மண் வேண்டவே வேண்டாம். 6 அங்குலத் தொட்டிக்கு ஏறத்தாழ ஒன்றரை லிட்டர் கலவை பிடிக்கும். ஏதாவது ஒரு டம்ளரை அளவாக வைத்துக்கொள்ளுங்கள்:

- கழுவிய கோகோபீட் (தென்னைநார்த் தூள்), 3 பங்கு
- பெர்லைட் (பொரி போன்ற லேசான வெள்ளைக் கல்), 2 பங்கு
- சலித்த இலைமட்கு அல்லது பழைய மண்புழு உரம், 1 பங்கு
- பட்டாணி அளவுக்கு உடைத்த மரக்கரி, அரைப் பங்கு

கோகோபீட்டைக் கழுவாமல் போட்டால் அதிலுள்ள உப்பு இலை ஓரத்தைக் கருக்கும். கட்டியை வாளியில் ஊறவைத்து, உதிர்ந்ததும் துணியில் கட்டிப் பிழியுங்கள். புதுத் தண்ணீரில் இன்னும் இரண்டு முறை ஊறவைத்துப் பிழிந்தால் போதும். 650 கிராம் கட்டி ஊறினால் சுமார் 8 லிட்டர் வரும், ஒரு செடிக்கு முழுக் கட்டி தேவைப்படாது. பெர்லைட்டைக் கொட்டுவதற்கு முன் தண்ணீர் தெளித்துக்கொள்ளுங்கள், தூசு மூக்கில் ஏறும். பெர்லைட் கிடைக்காத ஊரில் கருக்கிய உமியும் பொடித்த செங்கல் துண்டுகளும் சம அளவில் சேர்க்கலாம்.

ஒரு பிடி ஈரக் கலவையை அழுத்திப் பாருங்கள். உருண்டையாகச் சேர்ந்து, விரலால் தட்டியதும் உதிர்ந்தால் சரி. சொட்டினால் ஈரம் அதிகம். உதிராமல் களிமண்போல நின்றால் பெர்லைட் போதவில்லை.

படி 3: நடுதல்

தொட்டியில் பாதிக்குமேல் கலவை போட்டு, செடியை வேர்க்கட்டியோடு வையுங்கள். நர்சரி மண் இறுகிய களிமண்ணாக இருந்தால் மட்டும் தண்ணீரில் நனைத்து மெல்ல உதிர்த்துவிடுங்கள். இல்லாவிட்டால் வேரைக் கலைக்க வேண்டாம்.

படுத்திருக்கும் தண்டு மண்ணுக்குமேல் பாதியாவது தெரிய வேண்டும், அடிப்பக்கம் மட்டும் கலவையைத் தொட்டால் போதும். மூடிவிட்டால் தண்டே அழுகும். தண்டின் நுனி எந்தப் பக்கம் பார்க்கிறதோ அந்தப் பக்கம் கூடுதல் இடம் விட்டு, எதிர்ப்பக்க விளிம்பை ஒட்டி நடுங்கள். அது ஊர்ந்து போக வழி வேண்டும். கையால் அமுக்காமல் தொட்டியை இரண்டு தட்டுத் தட்டினால் கலவை தானாக அமரும். மேலே ஒரு அங்குலம் காலியாக இருக்கட்டும். பிறகு ஓரமாகத் தண்ணீர் விட்டு, ஒரு வாரம் நல்ல நிழலில் வையுங்கள். உரம் ஒரு மாதத்துக்கு வேண்டாம்.

படி 4: இடம்

கிழக்குப் பார்த்த பால்கனி என்றால் யோசிக்கவே வேண்டாம். காலை எட்டு, எட்டரை வரை விழும் இளவெயில் நல்லது. அதற்குப் பிறகு வெளிச்சம் மட்டும் போதும், நேர்வெயில் கூடாது. மேற்கு, தெற்கு என்றால் 75 சதவீத நிழல்வலை கட்டி, செடியைச் சுவரோரம் தள்ளி வையுங்கள். வெளிச்சம் போதுமா என்பதைக் காம்பே சொல்லிவிடும். காம்பு நீண்டு, செடி ஒரு பக்கமாகச் சாய்ந்து, இலை சிறுத்தால் வெளிச்சம் குறைவு. இலை வெளிறி, நடுவில் காய்ந்த தவிட்டு நிறத் திட்டு விழுந்தால் வெயில் அதிகம். வாரம் ஒருமுறை தொட்டியைக் கால்வட்டம் திருப்புங்கள்.

18 முதல் 28 டிகிரி செல்சியஸ் இதற்குச் சுகம். 35-ஐத் தாண்டினால் வளர்ச்சி நிற்கும். பனி உறைந்தால் செடி செத்துவிடும். ஊட்டி, கொடைக்கானலில் டிசம்பர், ஜனவரி இரவுகளில் உள்ளே எடுத்து வையுங்கள். ஏசி அறையில் வைப்பதாக இருந்தால் காற்று நேராக அடிக்கும் இடத்தைத் தவிருங்கள், இலையோரம் முறுமுறுவென்று காயும்.

காற்றில் ஈரப்பதம் வேண்டும் என்பதற்காக இலைமேல் ஸ்ப்ரே அடிக்காதீர்கள். இலையில் தங்கும் நீர், நோய்க்கு விருந்து. அகலமான தட்டில் கூழாங்கல் பரப்பி, கல் மூழ்காத அளவுக்குத் தண்ணீர் ஊற்றி, அதன்மேல் தொட்டியை வையுங்கள். நாலைந்து செடிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாலும் ஓரளவு ஈரம் நிற்கும், ஆனால் இலையோடு இலை உரசக்கூடாது. கோவை, திருச்சி கோடைக்கு இதெல்லாம் தேவை. சென்னைக் காற்றிலேயே போதுமான ஈரம் இருக்கிறது, அங்கே கவலை காற்றோட்டம்தான்.

படி 5: தண்ணீர்

தினமும் இத்தனை மில்லி என்ற கணக்கு இதற்கு ஒத்துவராது. தண்ணீர் விட்டு வடிந்ததும் தொட்டியை ஒருமுறை தூக்கிப் பாருங்கள், அந்த எடை கையில் பதியட்டும். அடுத்த நாள்களிலும் தூக்கிப் பார்த்தால், காய்ந்த தொட்டி எவ்வளவு லேசாகிறது என்பது சில தடவைகளிலேயே பிடிபடும். சந்தேகமாக இருந்தால் விரலை விட்டுப் பாருங்கள். மேலே ஒரு அங்குலம் காய்ந்திருந்தால் விடலாம். விரலில் ஈரக் கலவை ஒட்டிக்கொண்டு வந்தால் இன்று வேண்டாம். கோடையில் மண்தொட்டிக்கு ஒரு நாள் விட்டு ஒரு நாள் தேவைப்படலாம், மழைக்காலத்தில் வாரம் ஒருமுறைகூட அதிகமாகலாம்.

காலையில், தொட்டியின் ஓரமாகச் சுற்றி, அடியில் வடியும்வரை விடுங்கள். தண்டின்மேல் ஊற்ற வேண்டாம். தட்டில் தேங்கியதைக் கால் மணி நேரத்தில் கொட்டிவிடுங்கள்.

போர் தண்ணீர் கடினமாக இருந்தால் மண்மேல் வெள்ளைப் படலம் படியும், இலையோரம் கருகும். மழைநீர் சேர்த்து வைத்தால் நல்லது. ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரும் உப்பில்லாதது, தாராளமாக விடலாம். ஆர்ஓ இயந்திரம் வெளியே தள்ளும் கழிவுநீர் மட்டும் கூடாது, உப்பு முழுக்க அதில்தான் இருக்கும்.

படி 6: உரம்

புது இலை வந்துகொண்டிருக்கும் மாதங்களில், 19:19:19 உரம் (தழை, மணி, சாம்பல் சத்து மூன்றும் சம அளவில் உள்ளது) அரை கிராமை ஒரு லிட்டரில் கரைத்து, 15 நாளுக்கு ஒருமுறை ஈரக் கலவைமேல் விடுங்கள். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஒரு மேசைக்கரண்டி மண்புழு உரம். கடும் கோடையில் உரத்தை நிறுத்திவிடுங்கள், வளராத செடிக்குப் போட்ட உரம் உப்பாகத்தான் தங்கும்.

என்ன கெடும், ஏன்

*துவண்ட இலை.* தொட்டி லேசாக இருந்து துவண்டால் தாகம். தண்ணீர் விட்டால் சில மணி நேரத்தில் நிமிரும். தொட்டி கனமாக இருந்தும் துவண்டால் வேர் அழுகுகிறது, ஒரு சொட்டுத் தண்ணீரும் கூடாது. உடனே வெளியே எடுத்து, பழுப்பாகக் குழைந்த வேர்களை வெட்டி எறியுங்கள். தண்டைக் குறுக்கே வெட்டிப் பாருங்கள். உள்ளே வெளிர்பச்சையாகத் தெரியும்வரை வெட்டிக்கொண்டே போய், நல்ல நுனித்துண்டைப் புதுக் கலவையில் படுக்கவையுங்கள். தண்டு முழுக்கப் பழுப்பு என்றால், மிச்சமிருக்கும் நல்ல இலைகளிலிருந்து புதுச் செடி வளர்த்துக்கொள்ளுங்கள், முறை கடைசியில் இருக்கிறது.

*வெள்ளைப் பொடி.* சாம்பல் நோய். கறுப்பு இலையில் ஒரு வசதி, இது ஆரம்பத்திலேயே பளிச்சென்று தெரிந்துவிடும். காற்றோட்டம் இல்லாமல், இரவு குளிர்ந்து பகல் மிதமாக இருக்கும்போது வரும். அந்த இலைகளைக் கிள்ளிப் பையில் கட்டி எறிந்துவிட்டு, செடிகளைத் தள்ளித்தள்ளி வையுங்கள். பரவினால் நனையும் கந்தகம் (தண்ணீரில் கலந்து தெளிக்கும் கந்தகப் பொடி) லிட்டருக்கு 2 கிராம், மாலையில், முதலில் ஒரு இலையில் அடித்துப் பார்த்துவிட்டு. வெயில் 32 டிகிரிக்கு மேல் போகும் நாள்களில் கந்தகம் இலையைச் சுடும். வேப்பெண்ணெய் அடித்த இரண்டு வாரத்துக்குள்ளும் அடிக்கக்கூடாது.

*மாவுப்பூச்சி.* காம்பின் அடியில் ஒளிந்திருக்கும். காதுகுடையும் பஞ்சுக்குச்சியை 70 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் தொட்டுப் பூச்சியின்மேல் வைத்து எடுங்கள். வாரம் ஒருமுறையாக மூன்று வாரம் செய்தால்தான் பொரிந்து வரும் குஞ்சுகளும் ஒழியும்.

*நீர் கோத்த புள்ளி, சுற்றி மஞ்சள் வளையம்.* இது பாக்டீரியா. வீட்டில் குணப்படுத்த வழியில்லை. செடியைக் கலவையோடு சேர்த்துக் குப்பையில் போட்டு, கத்தரியை ஆல்கஹாலால் துடையுங்கள்.

அடியிலையில் ஒன்றிரண்டு மஞ்சளாகி உதிர்ந்தால் அது முதுமை, கண்டுகொள்ள வேண்டாம். பூனை, நாய் இருக்கும் வீட்டில் எட்டாத உயரத்தில் வையுங்கள். பெகோனியாவில் ஆக்சலேட் என்ற எரிச்சலூட்டும் பொருள் உண்டு, மென்றால் வாய் எரிந்து வாந்தி வரும்.

ஒரு இலையிலிருந்து பல செடிகள்

முதல் செடி நன்றாக இருக்கும்போதே இதைச் செய்துவைப்பது நல்லது, தாய்ச்செடி போனாலும் குட்டிகள் இருக்கும். முற்றியும் முற்றாததுமான ஒரு இலையைத் தேர்ந்தெடுங்கள். காம்பு சேரும் மையத்திலிருந்து விளிம்புவரை, ஒவ்வொரு துண்டிலும் ஒரு பெரிய நரம்பு வருமாறு, முக்கோணமாகக் கூரான பிளேடால் வெட்டுங்கள். கோகோபீட்டும் பெர்லைட்டும் சம அளவில் கலந்து, ஈரமாக்கி, மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாவில் இரண்டு அங்குலம் நிரப்புங்கள். முக்கோணத்தின் கூர்முனை கீழே இருக்கும்படி ஒரு சென்டிமீட்டர் செருகி, மூடி, வெளிச்சமான நிழலில் வையுங்கள். தினமும் சில நிமிடம் மூடியைத் திறந்து காற்று விடுங்கள். அழுகிய துண்டை உடனே எடுத்துவிடுங்கள், பக்கத்துத் துண்டுக்கும் தொற்றும்.

ஆறிலிருந்து எட்டு வாரத்தில் வெட்டிய நரம்பின் அடியில் மிளகு அளவில் குட்டி இலைகள் எட்டிப்பார்க்கும். ஒவ்வொன்றும் மூன்று இலை விட்டதும், ஒரு வாரம் மூடியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்து பழக்கிவிட்டு, 3 அங்குலத் தொட்டிக்கு மாற்றுங்கள். பழைய தாய் இலைத்துண்டு ஒட்டிக்கொண்டிருந்தால் பிய்க்க வேண்டாம், அது தானாகக் காய்ந்து விழும்.