பழைய எம்பிராய்டரியைத் தேடி எடுத்து, குழந்தையிடம் கொடுப்பது எப்படி?

கடைக்கு அப்புறம் போகலாம், முதலில் வீட்டு அலமாரியைத் திறங்கள். தலையணை உறை, மேசை விரிப்பு, கைக்குட்டை, குழந்தைச் சட்டை என்று யாரோ மடித்து வைத்து மறந்துபோன ஒன்று அடியில் இருக்கலாம். பெரியவர்களிடம் "இது யார் தைத்தது, எப்போது?" என்று கேட்டு, பதிலை ஒரு சீட்டில் எழுதித் துணியோடு வையுங்கள். அங்கே எதுவும் இல்லையென்றால் பழைய பொருட்கள் விற்கும் இடங்களில் தேடலாம்.

துணி கைக்கு வந்ததும் திருப்பிப் பாருங்கள். எனக்கு முன்பக்கத்தைவிடப் பின்பக்கம்தான் பிடிக்கும். கைவேலை என்றால் அங்கே நூல் ஒரு பூவிலிருந்து அடுத்த பூவுக்குத் தாவியிருக்கும், நுனியைத் தையலுக்கு அடியில் செருகியிருப்பதும் தெரியும். மெஷின் வேலையில் பெரும்பாலும் வேறொரு மெல்லிய நூல் சீராக ஓடும். வெளிச்சம் அதிகம் படாததால் பழைய நிறமும் அங்கேதான் மிச்சமிருக்கும். முன்னால் வெளிறிப்போன இதழ் பின்னால் அடர்சிவப்பாக இருப்பதைப் பார்த்தால் மனசு ஒரு நிமிடம் நின்றுவிடும்.

துவைக்கும் முன் ஈரமான வெள்ளைத் துணியை ஒவ்வொரு நிறத்தின் மேலும் அழுத்திப் பாருங்கள். சாயம் ஒட்டினால் தண்ணீரில் போடவே வேண்டாம். ஒட்டவில்லையென்றால் மென்மையான சோப்பில் அலசி, பிழியாமல் துண்டின் மேல் விரித்து நிழலில் காயவிடுங்கள்.

சரி, இப்போது குழந்தையைக் கூப்பிடுங்கள். நூல் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று பின்பக்கத்தில் விரலால் தேடச் சொல்லுங்கள். குழந்தைக்கு ஆர்வம் வந்துவிட்டால் ஊசியைக் கேட்கும். 11 கவுண்ட் அய்டா துணி, அதாவது அங்குலத்துக்கு 11 கட்டம் உள்ளது, ஆரம்பத்துக்கு நல்லது, ஓட்டைகள் கண்ணுக்குத் தெரியும். முனை மழுங்கிய ஊசி, துணியை இழுத்துப் பிடிக்க ஒரு ஃப்ரேம், ஆறு இழை நூலிலிருந்து பிரித்த மூன்று இழை. நூல் 40 சென்டிமீட்டருக்கு மேல் வேண்டாம், சிக்கிக்கொண்டால் பொறுமை போய்விடும். ஊசி மேலும் கீழுமாகப் போய் வரும் ஓட்டுத் தையலை மட்டும் காட்டிவிட்டு, கண் படும் தூரத்தில் உட்காருங்கள்.

டிசைன் வரைந்து கொடுக்காதீர்கள். பென்சிலால் அதுவே கிறுக்கட்டும், பச்சைப் பூனை வேண்டுமென்றால் பச்சைதான். கோணலான தையலைப் பிரித்துத் திருத்தக் கை துடிக்கும், தயவுசெய்து தொடாதீர்கள், அடுத்த முறை ஊசியை எடுக்கலாமா வேண்டாமா என்று குழந்தை முடிவு செய்வது அந்த நொடியில்தான்.

முடித்ததும் பின்பக்க மூலையில் அதன் பெயரையும் தேதியையும் அதன் கையாலேயே எழுதச் சொல்லி, பழைய துணியோடு சேர்த்து வையுங்கள்.